கத்தியைக் கடைசியில் மாட்டுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம், மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் வாழை, மீதியில் கத்தரியும் மிளகாயும். எல்லாம் சொட்டுநீர். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று மானியத்தில் 7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் ஒன்று வாங்கினேன். போன வாரம் பெட்டியோடு இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மாட்டிக் கொடுக்க ஆள் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகன், வீடியோ பார்த்து நானே மாட்டிவிடுவேன் என்று துடிக்கிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றச் சொல்கிறார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் ஓட்டப்போவது நான்தான். முதலில் எதைச் செய்வது? சேலையோடு ஓட்டலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பெட்டியைப் பிரிக்கும் முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, ஓட்டிப் பார்த்து ஏதாவது ஆன பிறகு வருபவை.

ஆள் வரும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். மாட்டிக் கொடுத்து, ஓட்டிக் காட்டுவது விற்றவர் பொறுப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் போட்டு நச்சரியுங்கள், தப்பே இல்லை. அதற்குள் நீங்கள் பார்க்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. மாட்டிக் கொடுக்க வருகிற பையன் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, "ஓகேங்க்கா" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த அரை மணி நேரத்தில் அவன் என்ன செய்தான், என்ன செய்யாமல் விட்டான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷயம். அவர் தப்பாகச் சொல்லவில்லை, அவருடைய மெஷின் வேறு. தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற மெஷின் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த ரகத்தில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்குத் தனியாக எண்ணெய் ஊற்ற இடமே கிடையாது, அதனால் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். உங்களுடைய 7 எச்.பி. வீடர் அநேகமாக ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் அடியில் எண்ணெய்க்குத் தனி மூடி, அதில் அளவுக் கம்பி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்தான். இதில் பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. கலந்து ஊற்றினால் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும்.

இப்போது சொல்லப் போவதைச் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வருகிற எஞ்சினில் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது. லாரியில் சாய்ந்து கிடந்தால் கசியும் என்று காலியாகத்தான் அனுப்புவார்கள். எஞ்சின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், பெட்டியைக் கிழிக்கிற அவசரத்தில் அதையும் சேர்த்துக் கிழித்துவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் செயல்விளக்கம். மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம்கூட நசுக்கினார்கள். எண்ணெய் ஊற்றினார்களா என்று நான் கேட்கவில்லை. ஊற்றியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சில நிமிடம் ஓடியது, சத்தம் கரகரவென்று மாறியது, நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. புது எஞ்சின், பிஸ்டன் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் கம்பியை நானே உருவிப் பார்க்காமல் கயிற்றைத் தொடுவதில்லை.

எண்ணெய் போகும் இடம் மூன்று. எஞ்சின், கியர் பெட்டி, ஏர் ஃபில்ட்டர். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

எஞ்சினுக்கு எந்த கிரேடு என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 மாதிரி ஏதோ ஒன்று. அதையே வாங்குங்கள். இந்த அளவு பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 600 மில்லி பிடிக்கும். ஒரு லிட்டர் டின் வாங்கினோமே என்று முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள், கூடினாலும் கெடுதல்தான். ஊற்றும்போது எஞ்சின் சமமாக நிற்க வேண்டும். வீடர் சும்மா நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். சாய்ந்த நிலையில் கம்பியைப் பார்த்தால் இருக்கிற எண்ணெய் இல்லாதது போலவும், இல்லாதது இருப்பது போலவும் காட்டும். கைப்பிடிக்கு அடியில் ஒரு செங்கல்லோ கட்டையோ கொடுத்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். கம்பியைத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். நிறைய எஞ்சின்களில் கம்பியைத் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உங்களுடையது எப்படி என்று புத்தகத்தில் படம் இருக்கும்.

கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய், கெட்டியானது. பெரும்பாலும் 90 நம்பர் கியர் ஆயில் என்று இருக்கும். சில கம்பெனிகள் இதை நிரப்பியே அனுப்புகின்றன, சில அனுப்புவதில்லை. பக்கவாட்டில் அளவு பார்க்கிற போல்ட் ஒன்று இருந்தால் அதைக் கழற்றுங்கள். மெஷின் சமமாக நிற்கும்போது அந்த ஓட்டை விளிம்பில் எண்ணெய் நின்றால் போதுமான அளவு இருக்கிறது. ஏர் ஃபில்ட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி இருந்தால் அது எண்ணெய்க் கிண்ணம். உள்ளே கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரை எஞ்சின் எண்ணெயையே ஊற்ற வேண்டும். செம்மண் புழுதியில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கிண்ணம்தான் எஞ்சினின் மூக்கு. கிண்ணம் இல்லாமல் வெறும் ஸ்பாஞ்சு மட்டும் இருந்தால், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் பாருங்கள்.

பெட்ரோல் கடைசியில். திறந்த வெளியில், எஞ்சின் ஓடாதபோது, புனல் வைத்து ஊற்றுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள், ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது தீர்ந்தால் டீ குடிக்கிற நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சைலென்சர் மேல் நாலு சொட்டு விழுந்தால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

சரி, இனி தலைப்பில் சொன்ன விஷயம். பெட்டியைப் பிரித்ததும் எல்லோருக்கும் கண் போவது கத்தி மேல்தான். பளபளவென்று பெயின்ட் அடித்து, பார்க்கவே ஆசையாக இருக்கும். அதைத்தான் முதலில் மாட்டுவார்கள். மாட்டிவிட்டு எஞ்சினை எழுப்புவார்கள். எது கிளட்ச், எது ஆக்சிலேட்டர் என்று தெரியாத கையில், ஓடுகிற எஞ்சின், கீழே கத்தி. என் பேச்சைக் கேட்டு, முதல் இரண்டு நாள் கத்தியை மூட்டையிலேயே வையுங்கள். கத்தி இல்லாமல் எஞ்சினைப் பழகுங்கள்.

முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தை இறக்கி, பின்னால் உள்ள ஆழக் கம்பியை ஊன்றி நிறுத்தினால் கத்தி மாட்டுகிற அச்சு தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். நிற்கவில்லை என்றால் அடியில் கட்டை கொடுத்து ஆடாமல் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக வைத்து, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் இறுக்கம் தட்டும். அங்கிருந்து ஒரே இழுப்பு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, எஞ்சின் சில சமயம் எதிர்த்து இழுக்கும். அது சுற்றிய கையோடு சேர்த்து இழுத்தால் மணிக்கட்டு போய்விடும். இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். மழை தூறுகிறது என்று மாட்டுச்சாளைக்குள் வைத்து ஓடவிட வேண்டாம். பெட்ரோல் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மயக்கம் வரும்போதுதான் தெரியும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் அதை நிறுத்துங்கள். ஆமாம், நிறுத்தத்தான் சொல்கிறேன். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். கண்ணால் தேடாமல் கட்டைவிரல் தானாகப் போகிறவரை, எழுப்புவதும் நிறுத்துவதுமாகப் பத்துத் தடவை செய்யுங்கள்.

அடுத்தது கிளட்ச். இங்கேதான் பைக், ஸ்கூட்டர் பழக்கம் காலை வாருகிறது. பைக்கில் கிளட்ச்சைப் பிடித்தால் ஓட்டம் அறுந்துவிடும். வீடரில் ஒரு ரகம் அதற்கு நேர்மாறு. பிடித்தால்தான் கத்தி சுற்றும், கையை விட்டால் நின்றுவிடும். பயந்து போனவர் கை என்ன செய்யும்? இறுக்கிப் பிடிக்கும். பைக் ஓட்டிப் பழகியவர் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பார், மெஷின் இன்னும் வேகமாக இழுக்கும். பைக் மாதிரியே பிடித்தால் நிற்கிற ரகமும் இருக்கிறது. உங்களுடையது எது என்று, கத்தி இல்லாத அச்சில் பார்த்துவிடுங்கள். முதல் கியர் போட்டு, எஞ்சினை மெதுவாக வைத்து, கிளட்ச்சை மாற்றி மாற்றி இயக்குங்கள். அச்சு எப்போது சுற்றுகிறது, எப்போது நிற்கிறது என்று எட்ட நின்று பாருங்கள். வெறும் அச்சுதானே என்று துணியோடு பக்கத்தில் போகக் கூடாது, முந்தானை நுனியைச் சுருட்ட அதுவே போதும். நிற்க வேண்டிய நிலையில் அச்சு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஒயரைச் சரிசெய்ய வேண்டும். அது சரியாகாமல் கத்தியை மாட்டவே கூடாது. இந்த ஒரு சோதனையை வந்த பையன் செய்தானா என்று பாருங்கள், செய்யாவிட்டால் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் கத்தி. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிளக் தொப்பியைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். இதற்கப்புறம்தான் கத்திப் பக்கம் கை போகலாம். இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதும். பிளக் தொப்பி மாட்டியிருக்கும்போது கத்தியைக் கையால் சுற்றினால் எஞ்சின் ஒரு உதை உதைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு உதையில் விரல் போனவர்கள் உண்டு.

கத்தியில் இடம், வலம் உண்டு. சிலவற்றில் எழுத்துப் பொறித்திருக்கும், சிலவற்றில் இருக்காது. மாட்டியதும் மெஷின் முன்னால் போகும் திசையில் கத்தி உருளுவதாக மனதில் வைத்துப் பாருங்கள். கூர் விளிம்பு முதலில் மண்ணில் இறங்க வேண்டும். முதுகுப்பக்கம் முதலில் பட்டால் இடம் வலம் மாறிவிட்டது. அப்படி ஓட்டினால் மண்ணைக் கொத்தாமல் மேலாகவே குடுகுடுவென்று ஓடும், நீங்கள் பின்னால் ஓட வேண்டியிருக்கும். மெஷின் சரியில்லை என்று போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கத்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்பதுதான். அச்சில் குறுக்கே போகும் பின்னும் அதன் நுனியில் மாட்டுகிற கிளிப்பும் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கிளிப் தொலைந்தால் கம்பியை முறுக்கிக் கட்டுகிற வேலை வேண்டாம். இரண்டு கிளிப் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

முதல் முறை எல்லாக் கத்தியையும் மாட்ட வேண்டாம். பக்கத்துக்கு உள்கத்தி மட்டும் போதும். இழுப்பு குறையும், கைக்கு அடங்கும். அதோடு கத்தரி, மிளகாய் உங்களுக்கு இரண்டடிப் பாராக, அதாவது வரிசைக்கு வரிசை இரண்டடியாக, இருந்தால் முழு அகலமும் அதற்குள் போகவே போகாது. டேப் பிடித்துக் கத்தி அகலத்தை அளந்துகொள்ளுங்கள், செடிக்கும் கத்திக்கும் பக்கத்துக்கு அரை அடியாவது வேண்டும். ஓரத்தில் மாட்டுகிற வட்டத் தகடு கொடுத்திருந்தால் அதையும் மாட்டுங்கள், செடி மேல் கத்தி ஏறாமல் தடுக்கும்.

கத்திக்கும் உங்கள் காலுக்கும் நடுவே ஒரு தகரக் கூரை வரும், மட்கார்டு என்பார்கள். ஈர மண் அப்பிக்கொள்கிறது என்று அதைக் கழற்றிச் சாளை ஓரம் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் பலர். கல் தெறித்தால் முழங்கால், கால் வழுக்கினால் பாதம். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தத் தகரம் ஒன்றுதான். மண் அப்பினால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொத்துக் கரண்டியால் சுரண்டுங்கள்.

கைப்பிடியை இடுப்பு உயரத்துக்கு வையுங்கள், முழங்கை லேசாக மடங்க வேண்டும். வந்த பையன் அவன் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போவான். அவன் எதிரிலேயே நீங்கள் பிடித்துப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

சேலை கட்டிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சேலைக்கு மேல் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலை எல்லாம் பார்க்கிறார்கள், தெரியும். குனிந்து களை வெட்ட அது சரி. சுற்றுகிற கத்திக்குப் பின்னால் நடக்க சரிப்படாது, மட்கார்டு இருந்தாலும் கொசுவம் காற்றில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. துப்பட்டா இல்லாமல் சுடிதார், அல்லது பேன்ட், கைப்பித்தான் போட்ட சட்டை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அவர்கள் வந்து களையெடுக்கப் போவதில்லை. தாலிக்கொடி சட்டைக்குள், சடை கொண்டையாக, தலைத் துண்டு தொங்காமல். காலில் செருப்பு கூடாது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காதில் பஞ்சு வைத்தால் போதாது, காதை முழுவதும் மூடுகிற மப் கிடைக்கிறது. வீட்டுக்காரரும் ஒருநாள் ஓட்டுவார், அவருக்கும் இதே பேச்சுதான். லுங்கி கூடாது.

ஓட்டும் இடத்துக்கு வருவோம். முதல் நாள் கத்தரிப் பக்கமே போகாதீர்கள். ஒன்றும் நடாத சமமான துண்டு இருந்தால் அதில் பத்து நடை போங்கள். போகும் முன்பு நிலத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். உங்களுக்குக் கல்லைவிடப் பெரிய எதிரி சொட்டுநீர்க் குழாய்தான். 16 மில்லிமீட்டர் லேட்டரல் ஒன்று கத்தியில் மாட்டினால், நீங்கள் சுதாரிப்பதற்குள் பத்தடி சுருட்டி உள்ளே இழுத்துவிடும். ஓட்டும் பாரில் உள்ள குழாய்களை எடுத்துச் செடிப் பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். களை வராமல் மண் மேல் விரிக்கிற மல்ச்சிங் ஷீட் கிழிசல், வாழைக்கு முட்டுக் கொடுத்த கயிறு, பழைய சேலைத் துணி, கட்டுக்கம்பி, எல்லாமே கத்திக்குத் தீனி. அப்படிச் சுற்றிக்கொண்டால் எஞ்சின் அணைப்பு, பிளக் தொப்பி, அதன் பிறகு அரிவாள். இந்த வரிசை மாறவே கூடாது.

மண் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். பொலபொலவென்று உடைந்தால் பதம். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், கத்தியில் அப்பும். உருண்டையே பிடிபடவில்லை என்றால் காய்ந்துவிட்டது. காய்ந்த மண்ணில் கத்தி இறங்காது, மெஷின் ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கும். குதிக்கிறதே என்று உடம்பு பாரம் முழுவதையும் கைப்பிடி மேல் போட்டு அழுத்தாதீர்கள். தண்ணீர் விட்டு, பதம் வந்த பிறகு ஓட்டுங்கள். பின்னால் உள்ள ஆழக் கம்பிதான் உங்கள் பிரேக் மாதிரி. அதை இறக்கினால் மெஷின் மெதுவாகப் போகும், ஆழமாகக் கொத்தும். தூக்கினால் மேலாகக் கொத்திக்கொண்டு வேகமாகப் போகும். முதல் நாள் நடு ஓட்டையில் வைத்துத் தொடங்குங்கள். வாழையில் கன்றை ஒட்டிப் போகாதீர்கள், வேர் மேலாகவே ஓடும். இடைவெளியின் நடுவில் மட்டும் ஓட்டினால் போதும்.

ரிவர்ஸ் கியரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வாரம் அதைத் தொடாதீர்கள். பின்னால் வரும்போது கத்தி உங்களை நோக்கி வருகிறது. முதுகுக்குப் பின்னால் வரப்போ மரமோ இருந்தால் கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். தென்னந்தோப்பில் அப்படி மாட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கிளட்ச் கையை விட்டதால் விலா எலும்பு வலியோடு தப்பித்தார். பார் முடிவில் திரும்ப, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சை அறுத்து, கைப்பிடியைப் பிடித்துத் திருப்புங்கள். கனமாக இருக்கும். நாலு நாளில் பழகிவிடும். வரப்பைத் தாண்ட வேண்டுமானால் கத்தி சுற்றாத நிலையில்தான். வாய்க்கால் என்றால் பலகை போட்டு, இரண்டு பேராகத் தள்ளுங்கள்.

நீங்கள் ஓட்டும்போது இருபது அடிக்குள் யாரும் வரக் கூடாது. சோறு கொண்டு வருகிறவர், நாய், கோழி, கன்றுக்குட்டி எல்லாம் சேர்த்துத்தான். எஞ்சின் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது. கையை ஆட்டினால் நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் எடுத்துக் கத்தி போல்ட், கைப்பிடி போல்ட், எஞ்சின் அடி போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்குங்கள். புது மெஷினில் பெயின்ட் தேய்ந்து இடம் கொடுக்கும், போல்ட் தளரும். முதல் சில மணி நேரம் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து விரட்டாதீர்கள். முதல் எண்ணெய் மாற்றம் சீக்கிரம் வரும், பல எஞ்சின்களுக்கு 20 மணி நேரத்தில். புது எஞ்சினில் தேயும் இரும்புத்தூள் எல்லாம் அந்த முதல் எண்ணெயில்தான் இருக்கும். வேலை இல்லாமல் ஒரு மாதம் நிற்கப் போகிறது என்றால் டாங்கில் உள்ள பெட்ரோலை எடுத்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது, கிடந்தால் கார்புரேட்டரை அடைக்கும்.

காகித வேலை ஒன்று. பில்லில் உள்ள எஞ்சின் நம்பரும் எஞ்சினில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று பெட்டியைப் பிரித்த அன்றே பாருங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போடாமல் பையனை அனுப்பாதீர்கள்.

மகனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஆசையாக இருக்கிறான், முகத்தை முறிக்காதீர்கள். ஓட்டுவதை 18 முடிந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று சாளைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுவது அவன் வேலை. அவன் சரி என்று சொன்ன பிறகுதான் நீங்கள் கயிற்றை இழுக்க வேண்டும்.